கடல் கடந்து வந்த சொற்களும் கிழங்கும்



திருவனந்தபுரம் மாவட்டத்தின் தென்கோடியில், நெய்யாற்றின்கரை வட்டத்தில், தமிழ்நாட்டின் எல்லையை ஒட்டிக் காரக்கோணம் என்னும் ஊர் அமைந்துள்ளது. பாறசாலையும் களியக்காவிளையும் அதற்கு அண்மையிலுள்ள ஊர்கள். தமிழும் மலையாளமும் ஒரே தெருவில், சில வேளைகளில் ஒரே வீட்டில், கலந்து ஒலிக்கும் நிலப்பகுதி இது. இப்பகுதியிலுள்ள ஒரு வீட்டின் உள்ளே நாம் சற்று நோக்குவோம்.

கூடத்தில் மேசை இருக்கிறது; சுவரை ஒட்டி அலமாரி நிற்கிறது; சன்னல் வழியே காற்று வருகிறது; கதவுக்குச் சாவி இருக்கிறது; கொடியில் துவாலை தொங்குகிறது. அடுக்களையில் மரச்சீனிக் கிழங்கு வேகிறது. அம்மியில் வற்றல் மிளகாய் அரைபடுகிறது. புறக்கடையில் கொய்யாவும் பப்பாளியும் காய்த்துள்ளன. வேலியோரம் அன்னாசி பழுத்திருக்கிறது. மேட்டு நிலத்தில் கொல்லாமரம், அதாவது முந்திரி, நிற்கிறது. இவற்றையெல்லாம் நம் முன்னோர் தொன்றுதொட்டுக் கையாண்டவை என்றே அவ்வீட்டார் எண்ணுவர். ஆயினும் மேலே கூறிய ஐந்து பொருட்பெயர்களும் போர்த்துகீசிய மொழியிலிருந்து வந்தவை. மேலே கூறிய செடிகொடிகள் அனைத்தும் அமெரிக்கக் கண்டத்திலிருந்தும் அதனைச் சார்ந்த தீவுகளிலிருந்தும் வந்தவை. போர்த்துகீசியர் வருவதற்கு முன்னர் இக்கரையில் இருந்த எவரும் இச்செடிகொடிகளுள் ஒன்றையேனும் கண்டதில்லை.

இதே பொருள்கள் உலகின் மறுபக்கத்திலும் உள்ளன. கரீபியன் கடலில் புவர்ட்டோ ரிக்கோ என்றொரு தீவு இருக்கிறது. அத்தீவில் ஒரு குழந்தை 'மேசா' என்றால் நம் மேசையையே குறிக்கும். பாதிரியாரை அங்கே 'பாத்ரே' என்பர். சிலுவையைக் 'குரூஸ்' என்பர். நம் எல்லை ஊர்களின் சாலையோரங்களில் காணும் 'குருசடி' என்னும் பெயரில் உள்ள 'குருசு' அச்சொல்லின் உறவே ஆகும். ஸ்பானிய மொழியும் போர்த்துகீசிய மொழியும் இலத்தீனின் வயிற்றில் பிறந்த உடன்பிறப்புகள் ஆதலின் இவ்வொற்றுமை விளைந்தது.

ஒரே காலத்தில், ஒரே தீபகற்பத்திலிருந்து புறப்பட்ட கடலோடிகளின் கை இவ்விரு நிலங்களையும் தொட்டது. ஆயினும் ஒரு நிலத்தில் மண்ணின் பழைய மொழி அழிந்தது; மற்றொரு நிலத்தில் அது அழியவில்லை. இவ்வேறுபாடு ஏன் நேர்ந்தது என்பதை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கம். தாய்மண்ணை விட்டு வேற்றுமொழி நிலங்களில் வாழும் நமக்கு இது வெறும் வரலாற்றுக் கேள்வி அன்று.

முதற்கண் வரலாற்றின் சட்டகத்தைக் காண்போம். 1492-ஆம் ஆண்டில் ஸ்பெயின் அரசியின் ஆதரவு பெற்ற கொலம்பஸ் மேற்கே சென்று கரீபியன் தீவுகளை அடைந்தார். தாம் இந்தியாவின் எல்லையை அடைந்துவிட்டதாகவே அவர் நம்பினார். அதனாலேயே அத்தீவுகளுக்கு மேற்கிந்தியத் தீவுகள் என்னும் பெயர் நிலைத்தது. ஆறு ஆண்டுகள் கழித்து, 1498-இல், போர்த்துகல் நாட்டு வாஸ்கோ ட காமா ஆப்பிரிக்காவைச் சுற்றிக் கோழிக்கோட்டை அடைந்தார். இடையில் 1494-இல் இவ்விரு நாட்டு அரசர்களும் டோர்டெசில்லாஸ் என்னும் ஊரில் ஓர் உடன்படிக்கை செய்து, கடலில் ஒரு கோடு வகுத்து, ஐரோப்பியர் அதுவரை அறியாத உலகத்தைத் தமக்குள் பங்கிட்டுக் கொண்டனர். மேற்கு ஸ்பெயினுக்கு, கிழக்கு போர்த்துகலுக்கு. அப்பங்கீட்டைப் பற்றிப் பங்கிடப்பட்ட நாடுகளில் வாழ்ந்தோரை எவரும் கேட்கவில்லை.

இவ்விரு அரசுகளும் என்றும் தனித்தே இருந்தன என்றும் எண்ணலாகாது. 1580 முதல் 1640 வரை அறுபது ஆண்டுகள் ஸ்பெயின் மன்னரே போர்த்துகலுக்கும் மன்னராக விளங்கினார். ஆகவே அக்காலத்தில் கொச்சியிலும் கொல்லத்திலும் இருந்த கோட்டைகளும், புவர்ட்டோ ரிக்கோவின் தலைநகரான சான் ஹுவானில் இருந்த கோட்டையும் ஒரே மணிமுடிக்குக் கட்டுப்பட்டிருந்தன.

இனி அத்தீவின் கதையைக் காண்போம். அதன் தொல்குடிகள் தைனோ மக்கள். தம் தீவை அவர்கள் 'போரிக்கேன்' என்று அழைத்தனர். மரவள்ளி பயிரிட்டு, மீன் பிடித்து, மரத்தைக் குடைந்த ஓடங்களில் தீவுக்குத் தீவு சென்று வாணிகம் செய்து வாழ்ந்தனர். 1493-இல் கொலம்பஸ் அத்தீவை அடைந்தார். 1508-இல் போன்ஸே தெ லெயோன் என்பவர் அங்கே குடியேற்றம் தொடங்கினார். பொன் தேடும் வேலைக்குத் தைனோ மக்கள் ஆள்கணக்கில் பங்கிட்டுத் தரப்பட்டனர். உழவுக்குரிய கைகள் சுரங்கத்துக்கும் ஆற்றுமணலுக்கும் போயின, வயல் தரிசாயிற்று, பட்டினி வந்தது. ஐரோப்பாவிலிருந்து வந்த பெரியம்மையும் பிற நோய்களும், அவற்றை அறியாத உடல்களைக் கொள்ளை கொண்டன. எதிர்த்தெழுந்தோர் ஒடுக்கப்பட்டனர். ஓரிரு தலைமுறைக்குள் தைனோ சமூகம் சிதைந்தது.

குறைந்துபோன கைகளுக்கு ஈடாக ஆப்பிரிக்க மக்கள் அடிமைகளாகக் கொண்டுவரப்பட்டனர். கரும்புத் தோட்டங்களில் அவர்கள் உழைத்தனர். அத்தீவில் அடிமைமுறை சட்டப்படி ஒழிந்தது 1873-ஆம் ஆண்டில்தான். 1898-இல் ஸ்பெயின் அமெரிக்க ஐக்கிய நாடுகளிடம் போரில் தோற்று அத்தீவைக் கையளித்தது. ஏறத்தாழ நானூறு ஆண்டுகள் நீடித்த ஆட்சியின் சுவடுகள் இன்றும் அங்கே கண்கூடு. சதுர வடிவான பொதுவெளி, அதன் ஒருபுறம் தேவாலயம், மறுபுறம் நகர மன்றம் என்று வகுத்த ஊர் அமைப்பு. ஒவ்வோர் ஊருக்கும் காவல் புனிதர், அவருக்கு ஆண்டுத் திருவிழா. ஸ்பானிய வழியில் அமைந்த உரிமையியல் சட்டம். 1539-இல் கட்டத் தொடங்கிய எல் மோர்ரோ என்னும் கடற்கோட்டை. எல்லாவற்றுக்கும் மேலாக ஸ்பானிய மொழி. அக்கோட்டையை 1983-இல் யுனெஸ்கோ நிறுவனம் உலகப் பாரம்பரியச் சின்னமாக அறிவித்தது.

தைனோ மக்களின் குருதி முற்றும் அற்றுப் போகவில்லை. இன்று அத்தீவில் வாழ்வோரிடம் நிகழ்ந்த மரபணு ஆய்வுகள், தாய்வழியில் அத்தொல்குடி மரபு பெருமளவில் தொடர்வதைக் காட்டியுள்ளன. தைனோச் சொற்களும் அழிந்துவிடவில்லை. ஓடத்தைக் குறிக்கும் 'கனூ', தொங்கு படுக்கையைக் குறிக்கும் 'ஹேமக்', பெரும்புயலைக் குறிக்கும் 'ஹரிக்கேன்' ஆகியவை கரீபியன் தீவுகளின் தொல்குடிகளிடமிருந்து ஸ்பானியர் கற்று உலகுக்குப் பரப்பிய சொற்களே. தீவின் மக்கள் இன்றும் தம்மைப் 'போரிக்குவா' என்று பெருமையோடு கூறிக்கொள்கின்றனர். ஆயினும் தைனோ மொழியைத் தாய்மடியில் கேட்டு வளரும் குழந்தை அங்கே இல்லை. சொற்கள் பிறர் நாவில் ஏறிப் பிழைத்தன. அவற்றை ஈன்ற மொழி மாண்டது.

இப்போது நம் கரைக்கு வருவோம். போர்த்துகீசியர் மிளகுக்காக வந்தனர். கொல்லத்தில் முதலில் பண்டகசாலையும் 1519-இல் கோட்டையும் அமைத்தனர். கடலில் செல்லும் கப்பல்கள் தம்மிடம் அனுமதிச் சீட்டு பெறவேண்டும் என்று கட்டாயப்படுத்தினர். பெறாத கப்பல்களைக் கொள்ளையிட்டனர். ஆனால் கரையைத் தாண்டி உள்நாட்டில் அவர்களுடைய ஆட்சி பரவவில்லை. நெய்யாற்றின்கரை வட்டாரம் வேணாட்டு மன்னர்களின் ஆட்சியிலேயே இருந்தது. நிலமும், கோயிலும், ஏடும், பள்ளித் திண்ணையும் உள்ளூராரிடமே இருந்தன. அவற்றில் சாதியின் பெயரால் இழைத்த கொடுமைகள் பல உண்டு. அது வேறொரு நீண்ட கதை. அயலவர் அரியணை ஏறவில்லை என்பதே ஈண்டு நாம் கருதவேண்டுவது. 1661-இல் டச்சுக்காரர் கொல்லத்தைப் போர்த்துகீசியரிடமிருந்து கைப்பற்றினர். அந்த டச்சுக்காரரையும் 1741-இல் குளச்சலில் மார்த்தாண்ட வர்மரின் படை முறியடித்தது.

அயலவர் அரியணை ஏறாத இடத்தில் அவர்கள் மக்களை அணுகும் முறையும் வேறாயிற்று. இதற்கு ஒரு தக்க சான்று பிரான்சிஸ் சவேரியார். அவர் போர்த்துகல் மன்னரின் ஆதரவில் வந்தவரே எனினும், பிறந்தது இன்று ஸ்பெயினில் உள்ள நவார் நாட்டில், 1506-ஆம் ஆண்டில். 1542-இல் கோவாவில் இறங்கி, அதே ஆண்டு முத்துக்குளித்துறைக்கு வந்தார். தம் தாய்மொழி பாஸ்க்கு என்றும், கேட்போரின் மொழி வேறு என்றும், ஒருவரை ஒருவர் அறிய இயலாமையால், இருமொழியும் அறிந்தோரைக் கூட்டிப் பெரும்பாடுபட்டுச் செபங்களை அவர்கள் மொழியில் பெயர்க்கச் செய்ததாகவும் அவர் தம் கடிதம் ஒன்றில் எழுதியுள்ளார். பெயர்த்தவற்றை நெட்டுருச் செய்து, கையில் மணியுடன் தெருத்தெருவாகச் சென்று மக்களைக் கூட்டிச் சொல்லிக் கொடுத்தார். 1544-இன் இறுதியில் திருவிதாங்கூர்க் கடற்கரை மீனவர் ஊர்களில் ஒரு மாதத்தில் பதினாயிரத்துக்கும் மேற்பட்டோருக்குத் திருமுழுக்கு அளித்ததாக அவரே குறிப்பிடுகிறார். கோட்டாற்றில் அவர் பெயரால் விளங்கும் பேராலயத்தை நம்மில் பலர் அறிவோம்.

அவருக்குப் பின் வந்த என்றீக் என்றீக்கஸ் பாதிரியார் தமிழை இலக்கண முறையாகக் கற்றார். 1578-ஆம் ஆண்டு அக்டோபர் 20-ஆம் நாள் கொல்லத்தில் 'தம்பிரான் வணக்கம்' என்னும் பதினாறு பக்க நூல் தமிழ் எழுத்தில் அச்சாயிற்று. இந்திய மொழி ஒன்றில், அம்மொழியின் எழுத்திலேயே, இந்தியாவில் அச்சான நூல்களுள் நமக்குக் கிடைப்பவற்றில் முதன்மையானது அதுவே. அதற்கு முந்திய ஆண்டு கோவாவில் தமிழ் எழுத்தை அச்சில் வார்க்க முயன்ற குவான் கொன்சால்வஸ் என்னும் துறவுத் தொண்டர் ஸ்பெயின் நாட்டவர். காரக்கோணத்திலிருந்து ஒரு பகற்பொழுதில் சென்று திரும்பக்கூடிய தொலைவில் உள்ள கொல்லத்தில் தமிழ் அச்சு பிறந்தது என்பதை இன்று தமிழரே பலர் அறியார்.

புவர்ட்டோ ரிக்கோவில் தொல்குடிகள் ஆள்பவரின் மொழிக்கு மாற நேர்ந்தது. இங்கே வந்தவர் நம் மொழியைக் கற்க நேர்ந்தது. இரு கரைகளுக்கும் உள்ள வேறுபாட்டின் வேர் இதில்தான் இருக்கிறது. வந்தவர்கள் இங்கே மட்டும் நற்குணம் பூண்டனர் என்று கொள்ளவேண்டா. தம் கை ஓங்கிய இடத்தில் அவர்கள் நடந்துகொண்ட முறைக்குக் கேரளத்திலேயே சான்று உண்டு. 1599-இல், ஸ்பெயின் மன்னர் இரு நாடுகளையும் ஆண்ட காலத்தில், உதயம்பேரூரில் கூடிய சமயப் பேரவை தோமா கிறிஸ்தவர்களின் சிரியாக் மொழி ஏடுகள் பலவற்றைத் தவறுடையன என்று தீர்ப்பளித்தது. அதன்பின் பல ஏடுகள் எரியூட்டப்பட்டன. அதன் புண் ஆறாமல், 1653-இல் மட்டாஞ்சேரியில் அம்மக்கள் திரண்டு, அவ்வதிகாரத்துக்குப் பணியோம் என்று சூளுரைத்தனர். எனவே வந்தவரின் குணத்தினும், இருந்தவரின் கையில் எஞ்சிய வலிமையே மொழியைக் காத்தது எனலாம்.

தன் வீட்டில் தானே தலைமை தாங்கிய மொழி விருந்தினரை அஞ்சவில்லை. தமிழ் அயற்சொற்களை இருவகையாக வரவேற்றது. முதல் வகை, சொல்லையே ஏற்றுத் தன் உருவாக்கிக் கொள்வது. போர்த்துகீசியரின் 'ஜனேலா' சன்னல் ஆயிற்று. 'ஷாவே' சாவி ஆயிற்று. 'அர்மாரியோ' அலமாரி ஆயிற்று. 'லெய்லாவ்' முதலெழுத்தை இழந்து ஏலம் ஆயிற்று. 'பீப்பா' பீப்பாய் ஆயிற்று. 'அனனாஸ்' அன்னாசி ஆயிற்று. இச்சொல் தென் அமெரிக்கத் தொல்குடிகளின் மொழியில் பிறந்து, போர்த்துகீசியர் வாய் வழியே நம்மை அடைந்தது. சாவியை, சாவியால், சாவிக்கு என்று நம் வேற்றுமை உருபுகள் அவற்றின்மேல் தடையின்றி ஏறுகின்றன. மலையாளமும் மேச, ஜனல், அலமார, லேலம் என்று இதே விருந்தினரை ஏற்றுக்கொண்டது. ஆகவே எல்லைக் கோட்டின் இருபுறமும் இச்சொற்கள் பொதுச்சொத்து.

இரண்டாம் வகை, பொருளை ஏற்று, பெயரைத் தானே படைப்பது. மிளகைப் போல் உறைத்த புதிய காய்க்கு மிளகாய் என்று பெயரிட்டனர். புகைக்கும் இலைக்குப் புகையிலை என்றனர். உருண்டை வடிவம் கண்டு உருளைக்கிழங்கு என்றனர். மணத்தக்காளியை முன்பே அறிந்தவர்கள் புதிதாக வந்த பழத்தையும் தக்காளி என்றனர். பறங்கியர் காலத்தில் வந்த காயைப் பறங்கிக்காய் என்று, வந்த வழி மறவாமல் அழைத்தனர். மலையாளத்தில் முந்திரி மரத்துக்குப் 'பறங்கிமாவு' என்றொரு பெயர் வழங்குவதும் இதனாலேயே. இவை அனைத்தும் அமெரிக்கப் பயிர்கள். புலவர் அவை கூடி இப்பெயர்களை ஆக்கியதாகத் தெரியவில்லை. உழவரும், கடைக்காரரும், அடுப்படியில் நின்ற பெண்களும் தம் அன்றாடப் பேச்சில் ஆக்கினர். ஒரு மொழி உயிரோடு இருப்பதற்கு இதனினும் வேறு அடையாளம் வேண்டுமோ?

இப்பயிர்களுள் எல்லை ஊர்களின் வாழ்வோடு மிக நெருங்கிப் பிணைந்தது மரச்சீனி. தமிழ்நாட்டின் பிற பகுதிகளில் மரவள்ளி என்றும், கேரளத்தின் வேறு பல பகுதிகளில் கப்பை என்றும் வழங்குவதை இங்கே தமிழரும் மலையாளிகளும் ஒருங்கே மரச்சீனி என்பர். இதன் தாயகம் தென் அமெரிக்கா. தைனோ மக்களின் முதன்மை உணவும் இதுவே. சில வகைக் கிழங்குகளில் நச்சுத்தன்மை மிகுதி. ஆதலின் அவர்கள் கிழங்கைத் துருவி, ஓலையால் பின்னிய நீண்ட பையில் இட்டு முறுக்கி, சாற்றைப் பிழிந்தெடுத்து, எஞ்சிய மாவைத் தட்டையான ஓட்டின்மேல் பரப்பி அப்பமாகச் சுட்டனர். 'கசாபே' எனப்படும் அவ்வப்பத்தைச் செய்யும் மரபறிவை, கியூபா, ஹைட்டி, டொமினிக்கன் குடியரசு முதலிய நாடுகளின் பொதுப் பாரம்பரியமாக யுனெஸ்கோ நிறுவனம் 2024-இல் தன் பட்டியலில் சேர்த்தது. நம் எல்லை ஊர்களில் கிழங்கைத் தோலுரித்து, நறுக்கி, நிறைந்த நீரில் வேகவைத்து, அந்நீரை வடித்துக் கொட்டிவிடுவர். நச்சை நீக்கும் அறிவு இரு கரைகளிலும் வெவ்வேறு வடிவில் அடுக்களைக் கல்வியாகத் தொடர்கிறது.

கேரளக் கரைக்கு இக்கிழங்கைக் கொணர்ந்தவர் போர்த்துகீசியர் என்பது பொதுவாக ஏற்கப்படும் கருத்து. எனினும் அதனை ஏழை எளியோரின் உணவாகப் பரப்பிய பெருமை 1880 முதல் 1885 வரை திருவிதாங்கூரை ஆண்ட விசாகம் திருநாள் இராம வர்மருக்கு உரியது. அம்முயற்சியின் பயன் ஏறத்தாழ அறுபது ஆண்டுகளுக்குப் பின் விளங்கிற்று. இரண்டாம் உலகப் போரில், 1942-இல், பர்மா ஜப்பானியர் வசமாகவே அங்கிருந்து வந்துகொண்டிருந்த அரிசி நின்றது. அரிசிக்கு வெளியூரை நம்பியிருந்த திருவிதாங்கூரில் பஞ்சம் தலைகாட்டியது. மேட்டு நிலத்தில், குறைந்த நீரில், எளிய உரத்தில் விளைந்த மரச்சீனியே அன்று எண்ணற்ற குடும்பங்களின் வயிற்றை நிரப்பியது. பின்னர் 1963-இல் திருவனந்தபுரத்தை அடுத்த ஸ்ரீகாரியத்தில் மத்திய கிழங்குப் பயிர் ஆராய்ச்சி நிலையம் நிறுவப்பட்டது. தைனோ மக்களுக்கு உயிரூட்டிய கிழங்கு, அவர்கள் அழிந்து நானூறு ஆண்டுகளுக்குப் பின்னர் நெய்யாற்றின்கரைக் குழந்தைகளுக்கும் உயிரூட்டியது.

இப்பயணம் ஒருவழிப் பயணம் அன்று. இந்தியப் பெருங்கடற் கரைகளின் தென்னையைப் போர்த்துகீசியர் ஆப்பிரிக்காவின் மேற்குக் கரைக்குக் கொண்டு சென்றனர். அங்கிருந்து அது கரீபியன் தீவுகளை அடைந்தது. ஆசியாவில் தோன்றிய கரும்பைக் கொலம்பஸ் 1493-இல் தம் இரண்டாம் பயணத்தில் அங்கே எடுத்துச் சென்றார். இன்று கரீபியன் தீவு ஒன்றின் படத்தைக் காண்போர் தென்னையையே அதன் அடையாளமாகக் கருதுவர்.

கரும்பைத் தொடர்ந்து மனிதரும் சென்றனர். அவர்களுள் தமிழரும் இருந்தனர். அப்பகுதி நம் நெஞ்சைத் தொடுவது. பிரெஞ்சு ஆட்சியிலிருந்த மார்த்தினீக், குவாதலூப் என்னும் கரீபியன் தீவுகளில் 1848-இல் அடிமைமுறை ஒழிந்தபின், தோட்ட முதலாளிகள் ஒப்பந்தக் கூலிகளைத் தேடினர். 1853-இல் மார்த்தினீக்குக்கும் 1854-இல் குவாதலூப்புக்கும் முதற்கப்பல்கள் சென்றன. புதுச்சேரியிலும் காரைக்காலிலும் கப்பலேறியோர் பலர். 1889 வரை குவாதலூப்புக்கு மட்டும் ஏறத்தாழ 42,000 இந்தியர் சென்றனர். அவர்களுள் தமிழர் பெருந்தொகையினர். அவர்களின் வழித்தோன்றல்கள் இன்றும் அங்கே வாழ்கின்றனர். மாரியம்மனை 'மாலியெமேன்' என்று வழிபடுகின்றனர். அத்தீவுகளின் பெயர்பெற்ற மசாலைக் கறிக்குக் 'கொலோம்போ' என்று பெயர். அது நம் 'குழம்பு' என்னும் சொல்லின் திரிபே என்று பலர் கருதுகின்றனர். சடங்குகளில் சில தமிழ்ச் சொற்கள் ஒலிக்கின்றன. ஆனால் அவர்களின் வீட்டுமொழி தமிழ் அன்று. பிரெஞ்சும் கிரியோலும் அவ்விடத்தைக் கொண்டுவிட்டன.

தைனோ மொழிக்கு நேர்ந்தது, அதே கடலில், தமிழுக்கும் நேர்ந்தது என்பதை இது காட்டுகிறது. உலகில் கோடிக்கணக்கானோர் பேசும் மொழி என்னும் பெருமை, தோட்டக் குடிசையில் பிறந்த குழந்தைக்கு உதவவில்லை. தமிழில் எழுத்தறிவிக்கப் பள்ளி இல்லை. தாயகத்திலிருந்து மடல் இல்லை. பலருக்கு ஊர் திரும்ப வழி வாய்க்கவில்லை. கோயிலும் குழம்பும் தங்கின, மொழி நழுவியது.

ஆயின் அயலாட்சியின்கீழ் ஒரு மொழி பிழைக்க வழியே இல்லையோ எனின், அதற்கும் புவர்ட்டோ ரிக்கோவே விடை தருகிறது. 1898-க்குப் பின் அமெரிக்க ஆட்சியாளர் அத்தீவின் பள்ளிகளில் ஆங்கிலத்தைப் பயிற்று மொழியாக்கப் பலவாறு முயன்றனர். ஐம்பது ஆண்டுகள் திட்டங்கள் மாறி மாறி வந்தன. ஆசிரியர்கள் மறுத்து வாதாடினர். செய்தித்தாள்கள் ஸ்பானிய மொழியிலேயே வெளிவந்தன. பெற்றோர் வீட்டில் அம்மொழியையே பேசினர். 1948-இல் மக்கள் முதன்முறையாகத் தம் ஆளுநரைத் தாமே தேர்ந்தெடுத்தனர். அடுத்த ஆண்டே, 1949-இல், ஸ்பானிய மொழி பள்ளிகளின் பயிற்று மொழியாயிற்று. ஆங்கிலம் ஒரு பாடமாக நின்றது. ஒரு காலத்தில் வெற்றி கொண்டோர் சுமத்திய மொழி, பின்னர் வந்த வெற்றியாளர் முன்னே அம்மக்களின் சொந்தக் காப்பாக மாறியது வரலாற்றின் விந்தை. வீடு, பள்ளி, எழுத்து ஆகிய மூன்றும் கைவிடாத மொழி நின்றது என்பதே இதன் பாடம்.

இப்பாடத்தோடு மீண்டும் காரக்கோணத்தை நோக்குவோம். 1956-ஆம் ஆண்டு நவம்பர் 1-ஆம் நாள் மொழிவழி மாநிலங்கள் அமைந்தபோது, அகத்தீசுவரம், தோவாளை, கல்குளம், விளவங்கோடு ஆகிய நான்கு வட்டங்கள் சென்னை மாநிலத்தில் சேர்ந்து கன்னியாகுமரி மாவட்டம் ஆயின. தமிழர் இயக்கம் கோரிய நெய்யாற்றின்கரை வட்டம் கேரளத்தில் நின்றது. ஒரு கோடு வரைந்தால் அதன் இருபுறமும் சிலர் சிறுபான்மையர் ஆவது தவிர்க்க இயலாதது. இதனை உணர்ந்தே அவ்வாண்டில் நம் அரசியலமைப்பில் 350-ஏ என்னும் பிரிவு சேர்க்கப்பட்டது. மொழிச் சிறுபான்மைக் குழந்தைகளுக்குத் தொடக்கக் கல்வியில் தாய்மொழி வழிக் கற்கும் வசதியை அளிக்க மாநிலங்கள் முயலவேண்டும் என்பது அதன் கருத்து. கேரளமும் 1969-ஆம் ஆண்டின் ஆட்சிமொழிச் சட்டத்தில் தமிழருக்கும் கன்னடியருக்கும் அரசோடு தம் மொழியில் கடிதம் எழுதும் உரிமையை அளித்தது.

உரிமை ஏட்டில் இருத்தல் மட்டும் போதாது. அதனைக் கேட்டுப் பெறுவோர் வேண்டும். மலையாளம் கற்பதால் எல்லை ஊர்த் தமிழ்ப் பிள்ளைக்குக் கேடில்லை. அது அவன் வாழும் நாட்டின் மொழி, நம் மொழிக்கு மிக நெருங்கிய உறவு, அறிவுக்கு மற்றுமொரு வாயில். மும்பையில் மராத்தியும், கொல்கத்தாவில் வங்காளியும், தில்லியில் இந்தியும் அவ்வாறே. அயற்சொல் நம் பேச்சில் புகுந்ததென்றும் பெரிதாக அஞ்சவேண்டா. சன்னலும் சாவியும் புகுந்து தமிழ் தேய்ந்துவிடவில்லை என்பதை நானூறு ஆண்டுகள் மெய்ப்பித்துள்ளன. அஞ்சவேண்டியது வேறொன்று. குழந்தை தமிழைக் கேட்டுப் புரிந்துகொள்கிறது, ஆனால் விடையை வேறு மொழியில் சொல்கிறது என்னும் நிலையே அது. அடுத்த தலைமுறை கேட்பதும் நின்றுவிடும். குவாதலூப்பில் இவ்வழியே தமிழ் வெளியேறியது.

ஆதலின் வெளி மாநிலத் தமிழர் மேற்கொள்ள வேண்டுவன பெருஞ்செயல்கள் அல்ல. குழந்தைக்குத் தமிழ் எழுத்தைக் கற்பியுங்கள். பேச்சு மட்டும் அறிந்த மொழி இரண்டு தலைமுறை தாங்குவது அரிது. ஊரிலுள்ள பாட்டிக்கும் தாத்தாவுக்கும் மாதம் ஒரு மடலேனும் அக்குழந்தையின் கையாலேயே எழுதச் செய்யுங்கள். பள்ளியில் தமிழ் கற்பிக்க வாய்ப்புண்டா என்று கேளுங்கள். பத்துக் குடும்பங்கள் சேர்ந்து கேட்டால் அக்குரலுக்கு மதிப்புண்டு. புதிய பொருளைக் கண்டால் தமிழில் என்ன பெயரிடலாம் என்று குழந்தையையே வினவுங்கள். மிளகாய்க்கும் புகையிலைக்கும் பெயரிட்ட அறிவு நம் குருதியில் இன்னும் வற்றிவிடவில்லை.

காரக்கோணத்தில் மரச்சீனி உண்ணும் குழந்தை, அக்கிழங்கை முதன்மை உணவாகக் கொண்ட தைனோ மக்களின் மொழியில் அதற்கு என்ன பெயர் என்று அறியாது. அறியக் கேட்கவும் அம்மொழி பேசுவோர் இல்லை. அக்கிழங்கைப் போற்றி வளர்த்த அம்மக்களுக்கு நாம் செலுத்தக்கூடிய நன்றி ஒன்று உண்டு. அவர்களுக்கு வாய்க்காததை நாம் கைவிடாதிருப்பதே அது.